இரவல் புத்தகம் திரும்பிப் போகும் முன்: படித்ததை எதில் எழுதிவைப்பது?

நூலகத்தில் ஒரு நாவலைக் கையில் எடுத்தேன். தலைப்பு பிடித்திருந்தது, முதல் பக்கமும் பிடித்திருந்தது. பதிவு செய்யக் கொடுத்தபோது நூலகர் பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த பையிலிருந்து புத்தக அட்டையை உருவி மேசைமேல் வைத்தார். அதில் வரிசையாக உறுப்பினர் எண்கள். மேலிருந்து நான்காவது எண் என்னுடையது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதே புத்தகத்தை எடுத்துப்போய் முழுத் தவணையும் வைத்திருந்திருக்கிறேன். ஒரு வரிகூட நினைவில் இல்லை.

கதை மறந்துபோனது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. கதை புத்தகத்திலேயே இருக்கிறது, மறுபடியும் படித்துக்கொள்ளலாம். அன்றைக்கு அதைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது, எந்த இடத்தில் நின்றேன், யார்மேல் கோபம் வந்தது என்பதெல்லாம் எங்குமே இல்லை. அதுதான் என்னை வாட்டியது.

சொந்தப் புத்தகத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. அடிக்கோடு போடலாம், ஓரத்தில் எழுதலாம். ஒன்றுமே எழுதாவிட்டாலும் அலமாரியில் அதன் முதுகு தெரிந்துகொண்டே இருக்கும். இரவல் புத்தகம் கெடு வந்ததும் கைவிட்டுப் போய்விடும். சார்லஸ் டார்வின் தன் வாழ்க்கைக் குறிப்பில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கிறார்: சொந்தப் புத்தகமானால் அதன் இறுதியில் தன் ஆய்வுக்கு வேண்டிய செய்திகளுக்கு ஓர் அட்டவணை போட்டுவிடுவார், தன்னுடையது இல்லையென்றால் தனியாக ஒரு சுருக்கம் எழுதிக்கொள்வார். அப்படிப்பட்ட சுருக்கங்கள் ஒரு பெரிய இழுப்பறை நிறைய அவரிடம் இருந்தன. இரவல் வாங்கிப் படிக்கிறவர் எல்லாருக்கும் இப்படி ஓர் இழுப்பறை வேண்டும். அது நோட்டாக இருக்கலாமா, அட்டைப் பெட்டியாகவா, கைப்பேசியாகவா, இணையப் பக்கமாகவா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒன்றைத் தொடங்கி இரண்டே மாதத்தில் கைவிட்டதாக என்னிடம் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். இந்த வழிகள் அனைத்தையும் நானே பல ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

நூலகத்திலிருந்து எடுப்பவர் பெரும்பாலும் கலந்து படிக்கிறவர். ஒரு தவணையில் நாவல், அடுத்ததில் எறும்புகளைப் பற்றிய நூல், அதற்கடுத்து யாரோ ஒருவரின் தன்வரலாறு, பாதியில் விட்ட கவிதைத் தொகுப்பு. ஒரே துறையை ஆழ உழுகிறவருக்குப் பொருந்தும் முறை இவருக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை.

முதலாவது, புத்தகத்துக்குத் தீங்கு வரக்கூடாது. இதில் தவறும் வழியை மேற்கொண்டு ஆராய வேண்டியதே இல்லை.

இரண்டாவது, படிக்கும் இடத்தில் கைக்கு எட்ட வேண்டும். படுத்துக்கொண்டு படிக்கிறோம், பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிறோம். எண்ணம் தோன்றும் நேரத்தில் எழுதும் கருவி வேறு அறையில் இருந்தால் எண்ணம் போனது போனதுதான். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து நடத்தப்பட்டது. புத்தக வாசிப்புக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மறதி முதல் சில மணி நேரங்களில்தான் மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்று அவர் கண்டது வாசகர் ஒவ்வொருவரும் அனுபவத்தில் அறிந்ததே.

மூன்றாவது, தேடினால் கிடைக்க வேண்டும். ‘முதுமையைப் பற்றி எதிலோ நல்ல பகுதி ஒன்று படித்தேனே’ என்று ஒரு நாள் தோன்றும். அப்போது ஐந்து நிமிடத்தில் அது கைக்கு வர வேண்டும்.

நான்காவது, எது ஆசிரியர் சொல், எது என் சொல் என்று பிரிந்து தெரிய வேண்டும். சொந்தப் புத்தகமாக இருந்தால் சந்தேகம் வரும்போது திறந்து பார்த்துவிடலாம். இரவல் புத்தகத்தில் அந்த வசதி இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து நோட்டில் ஓர் அழகான வாக்கியம் இருக்கும். அது ஆசிரியருடையதா, என்னுடையதா? தெரியாவிட்டால் அதை எங்கும் பயன்படுத்த முடியாது. இந்த அளவுகோலைப் பலரும் நினைத்தே பார்ப்பதில்லை. பிற்பாடு அதிகம் வருந்த வைப்பது இதுதான்.

ஐந்தாவது, பத்து ஆண்டுகள் கழித்தும் படிக்க முடிய வேண்டும்.

## புத்தகத்திலேயே குறிப்பது

பென்சிலால் மெல்லிய கோடுதானே, அழித்துவிடலாமே என்று கேட்பார்கள். அழித்தாலும் தாளில் பள்ளம் தெரியும், பழுப்பேறிய பழைய தாளில் அழிப்பான் தேய்த்த இடம் தனியாகத் தெரியும். அதைவிட முக்கியமானது அடுத்துப் படிப்பவரின் உரிமை. கோடு போட்ட வரியில் அவர் கண் தானாகப் போய் நிற்கும். அவர் தானே கண்டுபிடித்திருக்க வேண்டிய இடத்தை நாம் முந்திக்கொண்டு காட்டிவிடுகிறோம்.

இதற்குப் புகழ்பெற்ற விதிவிலக்கு ஒன்று உண்டு. கவிஞர் கோலரிட்ஜ் நண்பர்களிடம் இரவல் வாங்கிய புத்தகங்களின் ஓரங்களில் எழுதித் தள்ளுவார். அவருக்கு இரவல் கொடுங்கள், புத்தகம் மதிப்புக் கூடித் திரும்பி வரும் என்று அவர் நண்பரும் எழுத்தாளருமான சார்லஸ் லாம் 1820-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அது நண்பரின் புத்தகம், நண்பரின் சம்மதம். நூலகப் புத்தகம் ஒருவருடையது அல்ல, ஆகவே ஒருவரின் சம்மதத்தால் தீராது.

ஒட்டுத்தாள்களையும் இந்த வகையிலேயே சேர்க்கிறேன். 1980-இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த அந்தச் சிறு மஞ்சள் தாள்கள் தீங்கற்றவைபோலத் தோன்றும். அவற்றை எடுத்த பிறகும் மெல்லிய பசைப் படலம் தாளில் தங்கிவிடும். அதில் தூசி படியும். நைந்த தாளானால் எடுக்கும்போது எழுத்தின் மையும் சேர்ந்து உரிந்து வரலாம். செய்தித்தாளைக் கிழித்து அடையாளம் வைப்பதும் நல்லதல்ல. அந்தத் தாளில் உள்ள அமிலம் பக்கத்துக்கு ஏறும். பழைய நூலகப் புத்தகங்களில் நடுப்பக்கத்தில் செவ்வகமாக ஒரு பழுப்புக் கறை இருக்குமே, அது யாரோ எப்போதோ வைத்து மறந்த செய்தித்தாள் துண்டின் நிழல்.

வெள்ளைத் தாளில் வெட்டிய, விரலகலத் துண்டுகள் போதும். ஐந்தாறுக்கு மேல் வைத்தால் கட்டு விரியும். இந்தத் துண்டுகள் இடத்தைக் காட்டுமே தவிர எண்ணத்தைக் காப்பாற்றாது. அதற்குக் கீழே உள்ள வழிகளில் ஒன்று வேண்டும்.

## நோட்டு

என் மனம் சாய்வது இதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நோட்டின் பெரிய பலம், அது வரிசையைக் காக்கிறது. மார்ச் மாதம் ஒரு போர்க்கால நாட்குறிப்பைப் படித்தேன், அடுத்த வாரமே தோட்டக்கலை நூல் ஒன்றை எடுத்தேன் என்பது நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் தெரிகிறது. தோட்டக்கலைக் குறிப்பில் என் எழுத்தே இளகியிருக்கிறது. கலந்து படிக்கிறவருக்கு இந்த அடுத்தடுத்த தன்மை மிகப் பெரிய செல்வம். எந்தப் புத்தகம் எந்தப் புத்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது என்பதை வேறு எந்த முறையும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

கையால் எழுதினால் நன்றாக மனத்தில் பதியும் என்று பலரும் சொல்வார்கள். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மடிக்கணினியில் குறிப்பெடுப்பதைவிடக் கையெழுத்தே மேல் என்றது. அதை அப்படியே திரும்பச் செய்து பார்த்து 2021-இல் வெளிவந்த ஆய்வில் தேர்வு மதிப்பெண்ணில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆனால் தட்டச்சு செய்பவர்கள் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதுவது கூடுதல் என்பது இரண்டிலுமே தெரிந்தது. ஆகவே நினைவாற்றலைக் காரணம் காட்டி நோட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். கை வலிக்கும் என்பதால் சுருக்கிச் சொல்லத் தோன்றும், சுருக்கும்போது நம் சொல் வரும். எனக்குத் தெரிந்த உண்மையான காரணம் அது.

நோட்டின் பலவீனம் தேடல். நூறு பக்கம் நிரம்பிய நோட்டில் ‘முதுமை’ எங்கே? ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் இதற்கு ஒரு வழி கண்டார். 1686-இல் பிரெஞ்சு மொழியில் அது அச்சானது. நோட்டின் தொடக்கத்தில் இரண்டு பக்கங்களைக் கட்டம் போட்டு, தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதில் வரும் முதல் உயிரையும் வைத்து எழுத்துக்கு ஐந்து கட்டமாகப் பிரித்தார். எந்தச் சொல்லானாலும் எந்தக் கட்டம் என்று உடனே தெரிந்துவிடும். கட்டத்தில் பக்க எண்ணைப் பார்த்துப் போகலாம்.

இதைத் தமிழுக்குக் கொண்டுவர முயன்றபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி காத்திருந்தது. ஆங்கிலத்தில் அவர் இரண்டு எழுத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. தமிழில் உயிர்மெய் ஒரே எழுத்திலேயே இரண்டையும் தாங்கி நிற்கிறது. ‘நினைவு’ என்றால் ‘நி’, அதாவது நகர வரிசையில் இகரக் கட்டம். வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.

நான் போடும் கட்டம் இது. மேலிருந்து கீழாகப் பத்து வரிசை: உயிரெழுத்து, க, ச, த, ந, ப, ம, வ என எட்டு, ய, ஞ இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, ட, ர, ல, ஜ, ஹ என்று தொடங்கும் சொற்களுக்கும் பெயர்களுக்கும் பொதுவாக ஒன்று. இடமிருந்து வலமாக ஐந்து பத்தி: அ-ஆ, இ-ஈ, உ-ஊ, எ-ஏ-ஐ, ஒ-ஓ-ஔ. மொத்தம் ஐம்பது கட்டம், எதிரெதிர்ப் பக்கங்களில் இருபத்தைந்தாக அடங்கிவிடும். லாக் ஒவ்வொரு வகைக்கும் பக்கங்களை ஒதுக்கினார். நான் ஒதுக்குவதில்லை. குறிப்பை வரிசையாக எழுதிக்கொண்டே போய், எழுதி முடித்ததும் இரண்டு மூன்று தலைப்புச் சொற்களைத் தேர்ந்து, அவற்றின் கட்டங்களில் பக்க எண்ணை மட்டும் போடுகிறேன். மழை, மாமரம், மதம் எல்லாம் ஒரே கட்டத்தில் விழும். அதனால் சங்கடம் ஒன்றுமில்லை. ஐந்தாறு எண்களைப் புரட்டிப் பார்க்கும்போது தேடாத ஒன்றும் கண்ணில் படும்.

மறைந்திருக்கும் விலை: நோட்டு தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. ஒரு முறை நோட்டைப் பயணத்தில் விட்டுவிட்டு வந்தேன், பதினான்கு மாத வாசிப்பு அதோடு போயிற்று. இப்போது நோட்டு நிரம்பியதும் பக்கங்களைப் படமெடுத்து வைக்கிறேன். இன்னொன்று, கெட்டி அட்டை போட்ட அழகிய நோட்டு வாங்கினால் அதில் ‘தகுதியான’ வரிகளைத்தான் எழுத வேண்டும் என்று கை தயங்கும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் சாதாரண கோடு போட்ட நோட்டில் இந்தத் தயக்கம் வருவதில்லை.

யாருக்குப் பொருந்தும்: பலவகை நூல்களைக் கலந்து படிப்பவருக்கு, தன் வாசிப்பின் பாதையைப் பின்னாளில் பார்க்க விரும்புபவருக்கு.

## அட்டைகள்

ஓர் அட்டைக்கு ஒரு கருத்து. வேண்டியபடி அடுக்கலாம், கலைக்கலாம், வேறு வரிசையில் வைக்கலாம். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் இப்படிச் சுமார் 90,000 அட்டைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்கு வழி காட்டி, அவற்றின் துணையோடு வாழ்நாள் முழுதும் எழுதினார்.

கடலைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டியிருந்த காலத்தில் நானும் அட்டைக்கு மாறினேன். பதினோரு நூல்கள், எல்லாம் இரவல். அலைகள், மீன்பிடி, கப்பல் தச்சு, உப்பு என்று அட்டைகள் தாமாகவே குவிந்தன. கட்டுரை எழுத உட்கார்ந்தபோது பாதி வேலை மேசைமேல் முடிந்திருந்தது. அவ்வளவு பயன்பட்டது.

கட்டுரை முடிந்த பின்னும் அதே முறையைத் தொடர்ந்தேன். அங்கேதான் சறுக்கியது. நாவலைப் படித்த பிறகு மனத்தில் இருப்பது ஒரு மூட்டம், ஒரு சூழல், ஒரு பெண்ணின் குரல். அதை எப்படி ஓர் அட்டைக்கு ஒரு கருத்தாக உடைப்பது? உடைத்துப் பார்த்தேன். ஏழு அட்டைகள் கிடைத்தன, நாவல் கிடைக்கவில்லை. கதை, கவிதை, தன்வரலாறு ஆகியவற்றுக்கு அட்டை ஒத்துவராது என்பது என் முடிவு.

மறைந்திருக்கும் விலை நேரம். அட்டை முறை குறிப்பெடுப்பதோடு முடிவதில்லை. எண் இட வேண்டும், இணைக்க வேண்டும், பழையவற்றை அவ்வப்போது புரட்ட வேண்டும். பெட்டியும் வீட்டை விட்டு நகராது. எழுத வேண்டிய நூலோ ஆய்வோ இருப்பவருக்கு இந்த உழைப்பு பலமடங்காகத் திரும்பி வரும். மற்றவருக்குச் சுமை.

## கைப்பேசி

எப்போதும் கையில் இருப்பது இதுதான். இரண்டாவது அளவுகோலில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. படம் எடுக்கலாம், தட்டச்சு செய்யலாம், பேசிப் பதிவு செய்யலாம். மூன்றும் மூன்று வெவ்வேறு வழிகள்; ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

*படம்.* இருப்பதிலேயே எளியது, இருப்பதிலேயே ஏமாற்றமளிப்பது. என் கைப்பேசியில் ஒரு காலத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட பக்கப் படங்கள் இருந்தன. மஞ்சள் வெளிச்சம், நடுவில் வளைந்த தாள், ஓரத்தில் என் கட்டைவிரல். எந்தப் புத்தகம்? பக்கத்தின் தலையில் அத்தியாயப் பெயர் மட்டும் இருக்கும். ஏன் எடுத்தேன்? பக்கம் முழுவதும் இருக்கிறது, எந்த வரிக்காக எடுத்தேன் என்பது மட்டும் இல்லை. படமெடுத்த கணத்தில் ‘பத்திரப்படுத்திவிட்டேன்’ என்று மனம் ஓய்ந்துவிடுகிறது. அந்த வரியோடு மேலும் ஒரு நிமிடம் இருந்திருக்க வேண்டியதை இந்த நிம்மதி பறித்துக்கொள்கிறது. படம்தான் எடுக்கிறீர்கள் என்றால் முதலில் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறமுள்ள பதிப்பு விவரங்களையும் எடுங்கள். அதன் பிறகு எடுப்பவை எல்லாம் அந்தப் புத்தகத்தைச் சேர்ந்தவை என்பது வரிசையிலிருந்தே தெரியும்.

*தட்டச்சு.* தேடுவதற்கு இணையற்றது. ‘முதுமை’ என்று தட்டினால் கணத்தில் வந்துவிடும். ஆனால் தமிழில் எழுதுபவர் ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடு தொகுப்பில் 1991-இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது, ஆயினும் அதன் பின்னும் பல்லாண்டுகள் வெவ்வேறு எழுத்துருக்களில், ஒன்றுக்கொன்று பொருந்தாத குறியீடுகளில் நாம் எழுதிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் நான் கணினியில் எழுதிய வாசிப்புக் குறிப்புகளை அண்மையில் திறந்தேன். வரி வரியாகப் பொருளற்ற ரோமன் எழுத்துகள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றிவிடலாம், சிலவற்றுக்குப் பெயரே தெரியவில்லை. அதே ஆண்டுகளில் எழுதிய நோட்டின் மை சற்று மங்கியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் படிக்கக் கிடைக்கிறது. இன்று யூனிகோடில் எழுதுவதால் அந்த ஆபத்து பெரிதும் நீங்கிவிட்டது. செயலிக்குள் பூட்டிக்கிடக்கும் ஆபத்து நீங்கவில்லை. குறிப்புகளை வெறும் உரைக்கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

*குரல்.* இதை அதிகம் பேர் முயல்வதில்லை, முயல வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு நடந்துகொண்டே இரண்டு நிமிடம் பேசினால், எழுதும்போது வராத உண்மை வரும். ஒரு தன்வரலாற்றை முடித்த இரவு நான் பேசிய பதிவில் இடையில் நீண்ட அமைதி ஒன்று இருக்கிறது. அந்த அமைதியை எந்த எழுத்தும் பதிவு செய்திருக்காது. ஆனால் பதிவுகள் சேரச் சேர யாரும் திரும்பக் கேட்பதில்லை. வார இறுதியில் கேட்டு நாலு வரியாக எழுதிக்கொள்பவருக்கு மட்டுமே இது முழுப் பயன் தரும்.

யாருக்குப் பொருந்தும்: பயணத்தில் படிப்பவருக்கு, தகவல் நூல்களை அதிகம் படிப்பவருக்கு, கையால் எழுதுவது சிரமமானவருக்கு. இன்னொரு விலை எல்லாருக்கும் தெரிந்ததே: குறிப்பெடுக்கக் கையில் எடுத்தது வேறெங்கோ இழுத்துச் செல்லும்.

## இணைய நூலடுக்குகள்

வாசகர் தம் நூல்களைப் பட்டியலிடும் இணையதளங்களில் லைப்ரரிதிங் 2005-இல் வந்தது, குட்ரீட்ஸ் 2007-இல் (2013 முதல் அமேசானுடையது). படித்தவை, படிப்பவை, படிக்க வேண்டியவை என்று அடுக்கிவைக்க இவை மிக வசதி. ‘இதை முன்பே எடுத்தேனா?’ என்ற கேள்விக்கு அலமாரி முன் நின்றபடியே விடை கிடைக்கும். என் கதையில் நடந்தது இவற்றைப் பயன்படுத்துபவருக்கு நடக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் பட்டியலை மட்டும் அங்கே வைத்திருக்கிறேன்.

எண்ணங்களை அங்கே எழுதத் தயங்குகிறேன். பிறர் படிப்பார்கள் என்று தெரிந்ததும் வாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘இந்தப் பகுதி எனக்குப் புரியவில்லை’ என்றோ, ‘இதைப் படித்ததும் அப்பாவின் நினைவு வந்தது’ என்றோ எழுத வேண்டிய இடத்தில் தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுகிறோம். ஐந்து நட்சத்திர மதிப்பீடு இன்னும் மோசம். எறும்பு நூலுக்கு நான்கு, நாவலுக்கு நான்கு என்றால் அந்த இரண்டு நான்குகளுக்கும் இடையே என்ன உறவு? தமிழ் நூல்களுக்கு வேறொரு இடைஞ்சலும் உண்டு. ஒரே நூல் தமிழ் எழுத்திலும் இரண்டு மூன்று ரோமன் எழுத்துக்கூட்டலிலும் தனித்தனிப் பதிவாகச் சிதறிக் கிடக்கும், அல்லது இல்லாமலே இருக்கும்.

யாருக்குப் பொருந்தும்: பட்டியல் வேண்டுபவருக்கு, அடுத்து எதைப் படிப்பது என்பதைப் பிறர் வாசிப்பிலிருந்து அறிய விரும்புபவருக்கு. என்ன படிக்கிறோம் என்பது தனக்குள் இருக்க வேண்டும் என நினைப்பவர் தவிர்க்கலாம்.

## ஒருவரிடம் சொல்லுவது

எழுதவே பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நோட்டு வாங்கச் சொல்லி வற்புறுத்துவதில் பயனில்லை. படித்ததை ஒருவரிடம் விரிவாகச் சொன்னால் போதும், அதுவும் வலுவான வழியே. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, பாராமல் நினைவுபடுத்தி எழுத முயன்றவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். படித்த ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது என்பதும் கவனிக்கத் தக்கது. அப்போதைக்கு உறுதியாகத் தெரிவது அல்ல, பிறகு நிற்பது.

நாவலுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்றே நினைக்கிறேன். கதையைச் சொல்லிக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் குரல் வேகம் எடுக்கும். நமக்கு உண்மையில் பிடித்த இடம் அதுதான் என்பது நமக்கே அப்போதுதான் தெரியும். குறை: பக்க எண் நிற்காது, ஆசிரியரின் சொல் நிற்காது, கேட்கிற ஆளும் வேண்டும். ஒரு முறை சொன்ன விதமே பிறகு உறைந்து, புத்தகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

## ஒரு பார்வையில்

| வழி | படிக்கும்போதே கைக்கு எட்டுமா | தேடினால் கிடைக்குமா | பத்தாண்டு நிற்குமா | எந்த நூலுக்கு |
|---|---|---|---|---|
| நோட்டு | பெரும்பாலும் | கட்டம் போட்டால் கிடைக்கும் | நிற்கும், தொலையாவிட்டால் | எல்லா வகைக்கும் |
| அட்டைகள் | வீட்டில் மட்டும் | மிக நன்றாக | நிற்கும் | ஒரே பொருள் பற்றிய நூல்கள் |
| கைப்பேசிப் படம் | எப்போதும் | அரிது | காப்பு நகல் இருந்தால் | வரைபடம், அட்டவணை உள்ளவை |
| தட்டச்சு | எப்போதும் | உடனே | வெளியே எடுக்க முடிந்தால் | தகவல் நூல்கள் |
| குரல் | எப்போதும் | இல்லை | காப்பு நகல் இருந்தால் | தன்வரலாறு, கவிதை |
| இணைய அடுக்கு | பெரும்பாலும் | தலைப்பு மட்டும் | நிறுவனத்தின் கையில் | பட்டியலுக்கு மட்டும் |
| ஒருவரிடம் சொல்லுவது | இல்லை | இல்லை | நம் நினைவளவு | நாவல், சிறுகதை |

## எந்த வழியானாலும் எழுத வேண்டியவை

தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பானால் மொழிபெயர்ப்பாளர் பெயர், பதிப்பாண்டு. பதிப்பு மாறினால் பக்க எண் மாறிவிடும். ஆண்டில்லாத பக்க எண் முகவரியில்லாத கதவெண். இருந்தால், நூலுக்குரிய பன்னாட்டு அடையாள எண்ணான பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். 2007-க்கு முந்தைய நூல்களில் அது பத்து இலக்கமாக இருக்கும்.

முதுகில் ஒட்டியிருக்கும் வகைப்பாட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்தச் சிறு எண் செய்வது அதைத்தான். அது மறுபடியும் அதே புத்தகத்திடம் மட்டும் அழைத்துப் போவதில்லை, அதன் அக்கம்பக்கத்தாரிடமும் அழைத்துப் போகிறது. எறும்பு நூலின் எண்ணை வைத்துத் திரும்பப் போன நாளில் பக்கத்தில் இருந்த தேனீ நூலை எடுத்துவந்தேன். அது முன்னதைவிட நல்ல நூல்.

ஆசிரியரின் சொற்களை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள், பக்க எண்ணோடு. நம் சொற்களுக்கு முன்னால் ஏதேனும் ஓர் அடையாளம் போடுங்கள். நான் சிறு அம்புக்குறி போடுகிறேன். சுருக்கிச் சொன்னது ஆசிரியர் கருத்து, ஆனால் சொற்கள் நம்முடையவை என்றால் அதற்கும் வேறு அடையாளம். நான் ஓரத்தில் ‘சு’ என்று எழுதுகிறேன்.

கெடு நாளுக்கு முந்தைய மாலையைக் குறிப்புக்கென்றே ஒதுக்குகிறேன். புத்தகம் இன்னும் கையில் இருக்கும், சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கலாம். வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி, அந்தந்தப் பக்கத்தை மறுபடி படித்து, இன்னும் அதே அளவு பிடித்திருந்தால் மட்டும் எழுதுகிறேன். பாதித் துண்டுகள் எழுதப்படாமலே போகும். படித்து முடிக்காத புத்தகத்துக்கும் ஒரு வரி உண்டு. எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன். சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில், நிறுத்திய காரணம் புத்தகத்தில் இருந்ததா, அந்த வாரத்து என் வாழ்க்கையில் இருந்ததா என்பது துலங்கும்.

எறும்பு நூலுக்கு நான் எழுதியதில் ஒரு பகுதி இப்படி இருக்கிறது:

‘சு. பக். 61: இலைவெட்டி எறும்புகள் இலையைத் தின்பதில்லை. அதைக் கொண்டு பூஞ்சை வளர்த்து அந்தப் பூஞ்சையை உண்கின்றன. → இது விவசாயம். பயிர் வைப்பது மனிதனின் கண்டுபிடிப்பு என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். கட்டம்: எறும்பு, பயிர்.’

அந்த நாவலை மறுபடியும் எடுத்துவந்து படித்தேன். அதற்கான குறிப்பு நீளமானது, கடைசி வரிகளை மட்டும் தருகிறேன்:

‘→ பக். 143. கிழவர் கிணற்றடியில் வாளியை இறக்கிவிட்டு எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கும் இடம். மருமகள் ஒன்றும் கேட்காமல் வந்து கயிற்றை வாங்கிக்கொள்கிறாள். ஒரு சொல்கூடப் பேசவில்லை. புத்தகத்தை மூடிவிட்டேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். அப்போது அம்மாவுக்கு மறதி தொடங்கவில்லை. கட்டம்: முதுமை, மறதி, கிணறு.’

அந்தக் குறிப்பு நோட்டின் 88-ஆம் பக்கத்தில் இருக்கிறது. மகர வரிசையின் உகரக் கட்டத்திலும் அகரக் கட்டத்திலும், ககர வரிசையின் இகரக் கட்டத்திலும் 88 என்று எழுதிவிட்டு, மறுநாள் காலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.